காப்பார் ரோட்டில் ஒரு வயல்

மணிலாவிலிருந்து வந்த விமானம் கோலாலம்பூரில் இறங்கி நிற்பதற்குள் சந்திரகலா கைப்பேசியைத் திறந்துவிட்டாள். முதல் செய்தி முகுந்தனிடமிருந்து வந்திருந்தது. வீட்டுக்குப் போக வேண்டாம், நேராகப் பிரிக்பீல்ட்ஸ் வந்துவிடுங்கள், தான்சானியாக்காரர்களோடு மதியச் சாப்பாடு, நீங்கள் இல்லாமல் முடியாது என்று எழுதி, கடைசியில் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார். இரண்டாவது செய்தி கணவன் ராஜனுடையது. தெங்கிரி மீன் வாங்கியிருக்கிறேன், சீக்கிரம் வா என்று இருந்தது.

அவள் முகுந்தனுக்குப் பதில் எழுதத் தொடங்கினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். கடைசியில் ‘ஓகே’ என்று மட்டும் அனுப்பினாள். பதினான்கு வருடமாக அதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

சந்திரகலா, நெல் அறுவடை மெஷின் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சர்வீஸ் எஞ்சினியர். தொழிற்சாலை கிள்ளானில், காப்பார் ரோட்டில் இருந்தது. விற்பனை அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில். முகுந்தன் விற்பனை மேலாளர்; தொழிற்சாலை ஆட்களும் அவர் பொறுப்பில்தான். அவர் மெஷினை விற்பார். கம்போடியாவிலோ இலங்கையிலோ அது நின்றுபோனால் சந்திரகலா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். போன இடத்திலெல்லாம் அவளைப் பார்த்ததும், எஞ்சினியர் பின்னால் வருகிறாரா என்று அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். விமான நிலையங்களில் அவளுடைய பெட்டியைத்தான் திறப்பார்கள். ஒருமுறை பையில் இருப்பது என்ன என்று கேட்ட அதிகாரியிடம், வாய் தவறி ‘கிரீஸ் கன்’ என்று சொல்லிவிட்டு, வெறும் கிரீஸ் அடிக்கிற கருவிதான் என்று நிரூபிக்க அடுத்த விமானம் வரை உட்கார்ந்திருந்தாள். இவ்வளவுக்கும் பிறகு ஊரில் கல்யாண வீடுகளில் பார்ப்பவர்கள், உனக்கென்ன, கம்பெனி காசில் உலகம் சுற்றுகிறாய் என்பார்கள்.

போதும் என்று அவள் முடிவு செய்து வெகு நாளாகிறது. கிள்ளான் தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவுக்கு ஒரு தலைவர் தேவைப்பட்டார். பயணம் இல்லாத வேலை. அதைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டிருந்தாள். முகுந்தனும் சரி என்றிருந்தார். இந்த மியன்மார் பயணம் மட்டும் முடியட்டும் என்றார். பிறகு, இந்தப் பிலிப்பைன்ஸ் மட்டும் என்றார். இப்போது பிலிப்பைன்ஸும் முடிந்துவிட்டது.

கே.எல். சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கி, ஒரு சக்கரம் உடைந்த பெட்டியை இழுத்துக்கொண்டு, பூமாலைக் கடைகளையும் பாட்டுச் சத்தத்தையும் கடந்து பீர் முகம்மதுவின் சாப்பாட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தாள். விருந்தாளிகள் இருவரும் முஸ்லிம்கள் என்பதால் முகுந்தன் அந்தக் கடையைத் தேர்ந்தெடுத்திருந்தார். அன்று அவர் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான் என்று சந்திரகலா பிற்பாடு சொன்னாள்.

தான்சானியாவில் நெல் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தலைவி ரெஹெமா. ஐம்பதைத் தாண்டிய, கனத்த உடம்புள்ள அம்மாள். தலையில் மஞ்சள் துணி சுற்றியிருந்தார். கூட வந்திருந்தவர் ஜுமா. சங்கத்தின் டிராக்டர்களை ஓட்டுபவர், ஒல்லியானவர், அதிகம் பேசாதவர். அவர் ரெஹெமாவை ‘மாமா’ ‘மாமா’ என்று கூப்பிட்டார். சோறு பரிமாறிய பையன் குழம்பிப்போய் நின்றான். அவர்கள் மொழியில் அம்மாவுக்கு அப்படித்தான் சொல்வார்கள் என்று சந்திரகலா அவனுக்கு விளக்கினாள்.

முகுந்தன் ஆங்கிலத்தில் பொழிந்துகொண்டிருந்தார். எங்கள் மெஷின் எந்தச் சேற்றிலும் ஓடும், இடுப்பளவுச் சேறு என்றாலும் கவலையில்லை என்றார்.

“முழங்கால் அளவு,” என்றாள் சந்திரகலா. “அதுவும் அடியில் கெட்டித் தரை இருந்தால்தான்.”

எஞ்சினியர்கள் எப்போதும் இப்படித்தான், பயந்து பயந்து பேசுவார்கள் என்று முகுந்தன் சிரித்தார். ரெஹெமா சிரிக்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மீன் குழம்பை இன்னும் கொஞ்சம் இலையில் ஊற்றச் சொன்னார்.

கை கழுவும் இடத்தில் முகுந்தன் தமிழில், குரலைத் தாழ்த்திச் சொன்னார். தொழிற்சாலையில் எல்லாம் தயார், சாப்பிட்டதும் போய் மெஷினை ஓட்டிக் காட்டிவிடலாம்.

“எங்க ஓட்டிக் காட்டப் போறீங்க? கிள்ளான்ல ஏது வயல்?”

“பின்னாடி காலி நிலம் கெடக்குல்ல. நாலஞ்சு லோரி மண்ணு கொட்டி ரெண்டு நாளா தண்ணி விட்டிருக்கேன். சூப்பரா சேறாயிருச்சு கலா.”

“நெல்லு?”

“நெல்லு எதுக்கு? அறுக்கிறதுக்கு வீடியோ இருக்கு. சேத்துல ஓடுறத நேர்ல பாத்தா போதும் லா.”

செக்கிஞ்சானில் வயல் இருக்கிறதே, எப்போதும் அங்கேதானே காட்டுவோம் என்று அவள் கேட்டாள். அங்கே இப்போது பயிர் பச்சையாக நிற்கிறது, அறுப்புக்கு நாளிருக்கிறது, இவர்களோ நாளை மாலை விமானம் ஏறுகிறார்கள் என்றார் அவர். இந்தப் பதிலில் அவளுக்கு எங்கே கோபப்படுவது என்று தெரியவில்லை. அறுப்பு இல்லாத மாதத்தில் இவர்களை வரச் சொன்னது யார் என்று கேட்கலாம். கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

வேன் ஃபெடரல் நெடுஞ்சாலையின் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவள் ராஜனைக் கூப்பிட்டு, கிள்ளானுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். ராஜன் “சரி” என்றான். அவனிடம் பல விதமான சரிகள் உண்டு. இது அடுப்பை அணைத்துவிட்டுச் சொல்லும் சரி.

தொழிற்சாலை வாசலிலேயே பழனியப்பன் காத்துக்கொண்டிருந்தார். பட்டறை மேற்பார்வையாளர், சந்திரகலாவுக்கு முன்பிருந்தே அங்கே வேலை பார்ப்பவர்.

“நான் சொன்னேன்மா. கேக்கமாட்டேன்னுட்டாரு,” என்றார்.

அவர் அவளைப் பின்பக்கம் அழைத்துப் போனார். காலி நிலத்தின் நடுவில் பழுப்பாக, கொழகொழவென்று, முகுந்தனின் வயல் கிடந்தது. சுற்றிலும் கம்பெனியின் கொடிகளை நட்டிருந்தார்கள். முதல் நாள் பெய்த மழையும் சேர்ந்து ஓரங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. அங்கே முன்பு ஒரு குட்டை இருந்ததாகவும், தொழிற்சாலை கட்டியபோது வெட்டியெடுத்த மண்ணைக் கொட்டி அதைத் தூர்த்ததாகவும் பழனியப்பன் சொன்னார்.

சந்திரகலா ஒரு கொடியைப் பிடுங்கி, அதன் மூங்கில் கம்பைச் சேற்றுக்குள் குத்தினாள். கம்பு போனது. போய்க்கொண்டே இருந்தது. கொடித்துணி சேற்றைத் தொடும்வரை அழுத்தியும் அடி தட்டவில்லை. நெல் வயலில் மேலே எவ்வளவு சேறு இருந்தாலும் கீழே இறுகிய தரை ஒன்று இருக்கும். வருடக்கணக்காக உழுது மிதித்து உண்டான தரை. மெஷின் நிற்பதும் நகர்வதும் அதன்மேல்தான். இங்கே அப்படி எதுவும் இல்லை. இது வயல் இல்லை, மூடி போட்ட குட்டை.

அவள் போய் முகுந்தனிடம் சொன்னாள். மெஷினை இதில் இறக்கக் கூடாது, இறக்கினால் எடுக்க முடியாது என்றாள். தார் ரோட்டில் ஓட்டிக் காட்டலாம், மெஷினைப் பிரித்து உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று காட்டலாம், அவர்கள் விவரம் தெரிந்தவர்கள், அதையே விரும்புவார்கள் என்றாள்.

“பத்தடி போய்ட்டு ரிவர்ஸ் எடுத்துரலாம் கலா. பத்தடி.”

“ஒரு அடி கூட வேணாம் பாஸ்.”

“ஆப்பிரிக்காலேர்ந்து வந்திருக்காங்க. பிரிச்சுக் காட்டவா வரச் சொன்னேன்?”

இதற்குமேல் பேசிப் பயனில்லை என்பது போல அவர் திரும்பி, தொழிற்சாலையில் மெஷின்களை ஏற்றி இறக்கும் லோகனைக் கூப்பிட்டார். லோகன் சந்திரகலாவைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். முகுந்தன் அவன் தோளைத் தட்டினார். சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடுபவர் அவர்தான் என்பதால் லோகன் ஏறினான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. புத்தம் புதுச் சிவப்பு மெஷின் இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் பதிலாக இருந்த ரப்பர் பட்டைகள் உருள, சேற்றைப் பிளந்துகொண்டு உள்ளே நகர்ந்தது. முகுந்தன் விருந்தாளிகள் பக்கம் திரும்பிக் கையை விரித்து, பாருங்கள் என்றார். அவர் அப்படித் திரும்பியிருந்த நேரத்தில் மெஷினின் இடது பக்கம், எருமை படுப்பது போல மெதுவாகக் கீழே இறங்கியது. லோகன் பதறிப்போய் வேகத்தைக் கூட்டினான். பட்டைகள் நின்ற இடத்திலேயே சுழன்று குழி தோண்டின. வலது பக்கமும் இறங்கியது. அவள் கையை ஆட்டிக் கத்தி அவன் எஞ்சினை நிறுத்துவதற்குள் மெஷினின் வயிறு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

பிறகு முகுந்தன் உற்சாகமான குரலில், உள்ளே குளிர்சாதன அறையில் தேநீரும் கறிபாப்பும் தயாராக இருப்பதாக அறிவித்தார். ஜுமா நகரவில்லை. ரெஹெமா சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துவந்து, சேற்றின் ஓரத்தில் போட்டு உட்கார்ந்தார்.

போன அறுப்புக்கு வேறொரு வியாபாரியிடம் ஒரு மெஷின் வாங்கினோம் என்று அவர் சொன்னார். அது எங்கள் வயலில் இப்படித்தான் இறங்கியது. விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அறுப்பு முடியும்வரை அது அங்கேயே நின்றது. பெண்கள் அதைச் சுற்றி அரிவாளால் அறுத்தார்கள்.

“ஓடும் மெஷினை எல்லோரும் காட்டுகிறார்கள். எனக்கு இதை எப்படி வெளியே எடுப்பீர்கள் என்று பார்க்க வேண்டும்,” என்றார்.

முகுந்தன் உடனே எடுத்துவிடலாம் என்று சொல்லி, கிடங்கிலிருந்து, சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுக்கச் சொன்னார். அவள் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தபோதே அது வந்துகொண்டிருந்தது. சிமெண்டுத் தரையில் ஓடுவதற்கென்றே செய்த கனத்த வண்டி; சக்கரங்களோ சின்னவை. ஓரத்தை நெருங்கியதும் முன்சக்கரம் இரண்டும் புதைந்து, குனிந்து எதையோ தேடுவது போல நின்றது.

“அதையும் உள்ள விடுங்க,” என்றாள் சந்திரகலா. “ஆபீஸ் வேன் ஒண்ணு பாக்கி இருக்கு. அதையும் விட்டா வீட்டுக்குப் போயிரலாம்.”

அவள் விடுவிடுவென்று உள்ளே போய், யாருடையதோ ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தாள். உடுத்தியிருந்த அதே சட்டையோடுதான் அவள் காலையில் விமானத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்நேரம் குளித்துவிட்டு, மீன் சோறு சாப்பிட்டு, மகள் வாணியின் பக்கத்தில் காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டியவள். சேற்றில் இறங்கியபோது அது பூட்ஸுக்குள் வழிந்து நிரம்பியது. அவள் தமிழிலும் மலாயிலும் கொஞ்சம் திட்டினாள். பிலிப்பைன்ஸில் கற்ற புது வார்த்தை ஒன்றும் உதவியது.

பிறகு வேலை தொடங்கியது. பழனியப்பன் ஆட்களைக் கூப்பிட்டு, மெஷின்களை ஏற்றுமதி செய்யும் பெட்டிகளின் அடிக்கட்டைகளைக் கழற்றிக் கொண்டுவந்தார். சந்திரகலாவும் லோகனும் பட்டைகளைச் சுற்றியிருந்த சேற்றை மண்வெட்டியால் வாரி எறிந்தார்கள். வார வார அது திரும்பி வந்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஜுமா, கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, வெறுங்காலோடு நின்று வாரிக்கொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

செய்ய வேண்டியது எளிது என்று அவள் அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். நீளமான கட்டை ஒன்றைப் பின்புறம் குறுக்காக வைத்து இரண்டு பட்டைகளோடும் சேர்த்துக் கட்ட வேண்டும். மெதுவாக ரிவர்ஸ் எடுத்தால் பட்டைகள் கட்டையை அடியில் இழுத்துக்கொள்ளும். கட்டையின்மேல் ஏறி மெஷின் கொஞ்சம் பின்னால் வரும். கட்டை முன்பக்கம் தலைகாட்டும் முன் நிறுத்தி, அவிழ்த்து, மறுபடி பின்னால் கட்ட வேண்டும். அவசரப்பட்டால் கட்டை மேலே சுற்றி வந்து மெஷினை உடைத்துவிடும்.

முதல் தடவை கயிறு அறுந்தது. இரண்டாவது தடவை லோகன் பதற்றத்தில் வேகத்தைக் கூட்ட, கட்டை நழுவித் துள்ளி, எல்லோர் முகத்திலும் சேற்றை அறைந்தது. முகுந்தன் ஓரத்தில் நின்று, கிரேன் ஒன்றுக்குச் சொல்லியிருப்பதாகவும் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும் என்றும் கத்தினார். கிரேன் நிற்பதற்கும் தரை வேண்டும் என்று அவள் திருப்பிக் கத்தினாள். மழை தூறத் தொடங்கியது. ரெஹெமா மாலைத் தொழுகைக்கு இடம் கேட்டுப் போய்விட்டு வந்து, ஒரு குடையோடு அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

சந்திரகலா முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். லோகன் மறுபடி எஞ்சினை முடுக்கப் பார்த்தான். அவன் பாவம், அவன்மேல் தவறில்லை.

“லோகன், எறங்கி வாங்க. அவரு ஏறட்டும்,” என்று ஜுமாவைக் காட்டினாள்.

முகுந்தனுக்கு அது கேட்டுவிட்டது. விருந்தாளியை ஏற்றக் கூடாது, ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது, இன்சூரன்ஸ் இல்லை என்று ஓரத்திலேயே அங்குமிங்கும் நடந்தார். அவர் ஊரில் புதைந்தால் நானா போய் ஓட்டப்போகிறேன், அவர்தானே எடுக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். ஜுமா ரெஹெமாவைப் பார்த்தார். ரெஹெமா குடைக்கடியிலிருந்து தலையசைத்தார்.

ஜுமா ஏறினார். அவள் பட்டையின் பக்கத்தில் நின்று கையால் சைகை காட்டினாள்: இன்னும், இன்னும், மெல்ல, நிறுத்து. கட்டை அடியில் போனது. மெஷின் முனகியது, ஒரு பக்கம் நிமிர்ந்தது, கொஞ்சம் பின்னால் வந்தது. நிறுத்தி, அவிழ்த்து, கட்டினார்கள். மறுபடி நிறுத்தி, அவிழ்த்து, கட்டினார்கள். பழனியப்பன் அடியில் பலகைகளைத் தள்ளிக்கொண்டே வந்தார். பாதி வழியில் ஜுமா அவள் சைகைக்குக் காத்திருக்காமலே சரியான இடத்தில் நிறுத்த ஆரம்பித்தார். கடைசியில் பின்பக்கம் கெட்டித் தரையைத் தொட்டு மெஷின் ஒரேயடியாக மேலே ஏறியபோது, வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்த தொழிலாளர்கள் கை தட்டினார்கள். முகுந்தனும் தட்டினார். அவர் சட்டையில் ஒரு துளி சேறு இல்லை என்பதை அவள் கவனித்தாள்.

குழாயடியில் அவள் கை முகம் கழுவும்போது ரெஹெமா வந்து பக்கத்தில் நின்றார். இந்த மெஷின் எங்கெல்லாம் போகாது என்று கேட்டார். சந்திரகலா மறைக்காமல் சொன்னாள். அடி இல்லாத சேற்றில் போகாது. சாய்ந்து தண்ணீரில் கிடக்கும் பயிரைப் பாதிக்குமேல் சிந்திவிடும். கிரீஸ் அடிக்காமல் விட்டால் ஒரே அறுப்பில் பேரிங் போய்விடும். மற்றபடி நல்ல மெஷின்தான். ரெஹெமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சந்திரகலாவுக்குப் பின்னால் முகுந்தன் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்து மெஷின் வாங்கலாம் என்று வந்தேன், இப்போதைக்கு நான்கு வாங்குகிறேன் என்றார் ரெஹெமா. ஒரு நிபந்தனை. அறுப்பு தொடங்கும்போது இந்தப் பெண் எங்கள் ஊருக்கு வந்து மூன்று மாதம் தங்கி, எங்கள் ஆட்களுக்கு இன்று போலவே கற்றுத்தர வேண்டும். வேறு யாரையாவது அனுப்பினால் வேண்டாம்.

“கண்டிப்பா,” என்று முகுந்தன் ஆங்கிலத்தில் உடனே சொன்னார். அவளைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

ரெஹெமாவும் ஜுமாவும் வேனில் ஏறியதும் அவர் அவள் பக்கம் வந்து, பயிற்சிப் பிரிவு வேலை எங்கேயும் ஓடிவிடாது, இந்தத் தான்சானியா மட்டும் முடியட்டும் என்றார். சந்திரகலா பூட்ஸைக் கழற்றி, உள்ளே இருந்த சேற்றைச் சாவகாசமாக அவர் காலடியில் கொட்டினாள். அவர் இரண்டடி பின்னால் போனார்.

கூப்பிட்ட வாடகைக் கார், வாசல்வரை வந்து அவளைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டது. பழனியப்பன்தான் தன் பழைய காரின் இருக்கையில் பேப்பரை விரித்து உட்காரவைத்து, சுங்கை வேயில் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

ராஜன் கதவைத் திறந்து, தலையிலிருந்து கால்வரை பார்த்தான். வாணி சோபாவிலிருந்து எழுந்து வந்து, அம்மா, ப்ளேன் சேத்துலயா எறங்குச்சு என்று கேட்டுவிட்டு, கட்டிப்பிடிக்க இடம் தேடி, கடைசியில் தலையில் ஒரு முத்தம் வைத்தாள். குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் சந்திரகலா நடந்ததையெல்லாம் சொன்னாள். ஃபோர்க்லிஃப்ட் குனிந்த இடத்தில் வாணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ராஜனும் சிரித்தான். மூன்று மாதம் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டான்.

“நான் போகல. நாளைக்கு நேர்ல போய் சொல்லிடப் போறேன்,” என்றாள்.

ராஜன் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே சொன்னான். “நீ போறதுல எனக்கு ஒண்ணும் இல்ல கலா. ஒவ்வொரு தடவையும் போகமாட்டேன்னு சொல்லிட்டுப் போற பாரு, அதத்தான் தாங்க முடியல. நாங்க அத நம்பி பிளான் போடுறோம்.”

வாணி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் நம்பியிருக்கிறாள் என்று தெரிந்தது. சந்திரகலாவுக்கு முதலில் கோபம் வந்தது. யாருக்காக இப்படி அலைகிறேன் என்று கேட்கப் போனாள். ஆனால் அது முழு உண்மையில்லை என்று அவளுக்கே பட்டது. ஜுமா சைகைக்குக் காத்திருக்காமல் மெஷினை நிறுத்திய அந்த நிமிடத்தில், அவள் களைப்பையும் முகுந்தனையும் மறந்திருந்தாள். அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. பிடிக்காதது, தான் ஒரு ஸ்பேனர் போலப் பெட்டியில் போட்டு அனுப்பப்படுவது.

“போகணும்னுதான் இருக்கு,” என்றாள். “ஆனா மூணு மாசம் இல்ல. அவரு சொல்ற மாதிரியும் இல்ல.”

“அப்ப அதச் சொல்லு,” என்றான் ராஜன். அவள் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தான்.

மறுநாள் காலை அவள் முகுந்தனிடம் போகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரெஹெமா தங்கியிருந்த ஓட்டலுக்குப் போனாள். ரெஹெமா கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், மூன்று மாதம் என்னால் வர முடியாது என்று சந்திரகலா நேராகவே சொன்னாள். பதிலுக்கு வேறொன்று செய்யலாம். செக்கிஞ்சானில் அறுப்பு தொடங்கும்போது உங்கள் ஓட்டுநர்களை இங்கே அனுப்புங்கள். உண்மையான வயலில், உண்மையான சேற்றில் நானே பழக்குகிறேன். பிறகு உங்கள் அறுப்பின் தொடக்கத்தில் நான் வந்து சில வாரம் கூட இருக்கிறேன்.

எனக்கு ஐந்து பிள்ளைகள் என்றார் ரெஹெமா. அவர்களை அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் ஊர் ஊராகச் சங்கம் கட்டினேன். அதனால் நீ சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. ஜுமாவோடு இரண்டு பெண்களையும் அனுப்புகிறேன், இருவரும் நன்றாக வண்டி ஓட்டுவார்கள், சேறும் அவர்களுக்குப் புதிதில்லை என்றார். பிறகு, நேற்று அந்த மனிதர் எதை விற்றார் என்றே எனக்குக் கடைசிவரை புரியவில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

அங்கிருந்து அவள் சேலைக் கடை மாடிக்கு ஏறினாள். முகுந்தன் ஏற்கெனவே அவளுடைய விமான டிக்கெட்டுக்கு விலை கேட்டு மேசையில் எழுதி வைத்திருந்தார். அவள் உட்காராமலே சொன்னாள். ரெஹெமாவிடம் பேசி முடித்தாகிவிட்டது; மூன்று மாதம் கிடையாது, அவர்களில் மூன்று பேர் இங்கே வந்து பழகுவார்கள். பயிற்சிப் பிரிவு இந்த மாதமே தன் கைக்கு வர வேண்டும். பயணம் வருடத்துக்கு இரண்டு, எப்போது என்று அவள் முடிவு செய்வாள். மெஷின் எங்கே ஓடும், எங்கே ஓடாது என்பதை இனி வாங்குபவர்களிடம் அவள்தான் சொல்வாள்.

“என்னக் கேக்காம கஸ்டமர்கிட்ட பேசிட்டீங்களா?” என்றார் முகுந்தன்.

“நீங்க என்னக் கேட்டா எம்பேர்ல மூணு மாசம் குடுத்தீங்க?”

அவர் நாற்காலியில் சாய்ந்து மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தார். முடியாது என்று சொன்னால் நான்கு மெஷினும் போய்விடும் என்பதை அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. கடைசியில், சரி கலா, எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். இப்பவே எழுதுங்கள் என்று அவள் நின்றாள். அவர் எழுதி, அச்செடுத்து, கையெழுத்திட்டுக் கொடுக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

படியிறங்கி, கீழே சேலைக் கடைக்காரர் வெளியே தொங்கவிட்டிருந்த துணிகளை விலக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது அவளுக்கு லேசாக இருந்தது. வாணிக்கு ஏதாவது வாங்கிப் போகலாம் என்று பலகாரக் கடைப் பக்கம் திரும்பினாள். கைப்பேசி அடித்தது. முகுந்தன்தான்.

“கலா, ஒரு சின்ன விஷயம். அந்த மூணு பேரும் வந்தா எங்க தங்குவாங்க? ஓட்டல்னா பட்ஜெட் இடிக்கும். உங்க வீட்ல மேல் ரூம் காலியாத்தான கெடக்கு?”

சந்திரகலா கைப்பேசியை அணைத்தாள். பலகாரக் கடைக்காரர் என்ன வேணும்க்கா என்று கேட்டார். எது காரமாக இருக்கிறதோ அது, என்றாள்.